ஆணுறைப் பெட்டிக்குள் சீட்டுக்கட்டு

கம்பம் லாரி நிறுத்தத்தில் இலவச ஆணுறைப் பெட்டியைக் காலி செய்து சீட்டுக்கட்டு வைத்திருக்கிறார்கள். இன்று என் கண்ணாலேயே பார்த்தேன்.

சீட்டாடிக்கொண்டிருந்த டிரைவர்களில் ஒருவன் எங்கள் தெருக்காரன். "இதுல இருந்தது எங்கடா?" என்றேன்.

"அது பழைய பயம் பெரியப்பா. எய்ட்ஸுக்குத்தான் ஆஸ்பத்திரியில மாத்திரை குடுக்குறாகல்ல? சுகர் மாத்திரை மாதிரி தின்னுக்கிட்டே இருந்துக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள்.

"ஏலே, ஒம் பொண்டாட்டி முழுகாம இருக்கா. அவளும் பிள்ளையும் சேர்ந்து திங்கணுமா?"

அவன் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைத்தான்.

சுகாதாரத் துறை பெட்டியை நிரப்ப வேண்டும். முன்பு எய்ட்ஸ் பற்றி ஊர் ஊராகப் பேச வந்தவர்கள் மறுபடி வர வேண்டும். அந்த டிரைவர் நாளையே மனைவியோடு இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். சீட்டுக்கட்டை ஓடையில் வீச நான் போகிறேன். ஊர்க்காரர்களே, கூட வருகிறவர்கள் கை தூக்குங்கள்.