மாடி வீட்டுக் குளியலறை

அல்வாலில் எங்கள் மாடி வீட்டில் சரளா என்ற நர்ஸ், தன் சின்ன மகளுடன் வாடகைக்கு இருக்கிறாள். குளியலறைப் பூட்டு சிக்கிக்கொள்கிறது என்று மூன்று முறை சொன்னாள். நான் நம்பவில்லை. ஒருநாள் அவள் இல்லாதபோது, கேட்காமலேயே மாற்றுச் சாவியால் வீட்டைத் திறந்து, குளியலறைக்குள் போய்ப் பூட்டிப் பார்த்தேன். பிறகு திறக்க முடியவில்லை. போன் கீழே எங்கள் வீட்டில் இருந்தது. கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, மூச்சு முட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெகுநேரம் கழித்து ஆள் அரவம் கேட்டு, எழுந்து கதவை இடித்தேன். வெளியே சரளாவின் குரல் கேட்டது.

“நக்கோ அங்கிள், வேண்டாம், கதவை இடிக்காதீங்க.”

கத்தியைக் கதவிடுக்கில் விட்டு நொடியில் திறந்தாள்.

“பாப்பா மாட்டிக்கிட்டப்பவும் இப்படித்தான் திறந்தேன்.”

நான் எப்படி உள்ளே வந்தேன் என்று அவள் கேட்கவில்லை.

அன்றே பூட்டை மாற்றினேன். குழந்தை எவ்வளவு நேரம் உள்ளே அழுதாள் என்று கேட்கத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.