விட்டுவைத்த வரிசை

வெட்டினால் செத்துப்போகிற மரத்தை எவனாவது நடுவானா என்று கேட்டுச் சிரிக்கிற ஆள் தழைக்காரர். அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. கடப்பாறை போட்டால் தீப்பொறி பறக்கிற சரளை மண் அவருடையது. அதில் விரல் தடிமன் குச்சிகளை வரிசை வரிசையாய் நட்டார். வளர்ந்ததும் முழங்கால் உயரத்தில் வெட்டுவார். அடிக்கட்டை கோபித்துக்கொண்ட மாதிரி ஒன்றுக்குப் பத்தாய்த் துளிர்க்கும். வெட்டின தழையைக் காய்கறிப் பாத்தியில் மெத்தையாய்ப் பரப்புவார். சில வருஷத்தில் மண் கறுத்துப் பொலபொலவென்று ஆகி, கத்திரியும் பூசணியும் காய்த்துத் தள்ளின. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ட இடமெல்லாம் குச்சி ஊன்றினார், தங்கை வீட்டுச் சுவரோரத்தைக்கூட விடவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம்தான் தங்கை. புருஷன் செத்தபிறகு தையல் மிஷினை மிதித்து மிதித்தே இரண்டு அறை வீடு கட்டினவள். ஒருநாள் அவள் குளியலறைத் தரையைப் பிளந்துகொண்டு ஒரு துளிர் எட்டிப் பார்த்தது. அடுத்து பின்சுவரில் விரிசல். அப்புறம் பின்கதவு சாத்த மறுத்தது.

கொத்தனார் சுவரடியில் தோண்டிப் பார்த்துவிட்டு மண்வெட்டியைக் கீழே போட்டார். "அண்ணே, வேர் அஸ்திவாரத்துக்குள்ள பூந்து தூக்குது. மரத்துக்கு உசுரு இருக்கிற வரைக்கும் நான் பூசறது வீண்."

தழைக்காரர் வெட்டினார், பத்தாய் வந்தது. தோண்டினார், அறுந்த வேரெல்லாம் தனித்தனியாய்த் தலைதூக்கியது. சனியன், விடுவேனா என்றது. வளர்க்கத் தெரிந்தவருக்குக் கொல்லவும் தெரியும், அதுதான் கொடுமை. இலை விரியவிடாமல் துளிரைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் வேர் பட்டினி கிடந்து சாகும். ஆனால் தோட்டம் முழுக்க அடியில் ஒரே வேர்ப்பின்னல். எங்கோ ஒரு மரம் தின்றாலும் சுவரடி வேருக்குச் சோறு போய்ச் சேரும். கொன்றால் எல்லாவற்றையும் கொல்ல வேண்டும்.

"எல்லாத்தையுமா?" மனைவி அலறினாள். "தழை இல்லாட்டி இந்தச் சரளையில புல்லு முளைக்குமா? புள்ளைங்களுக்குக் காத்தையா புடிச்சுக் குடுப்பீங்க?"

ஆனாலும் தழைக்காரர் தினமும் விடிந்ததும் குந்தி உட்கார்ந்து கிள்ளினார். நகக்கண்ணெல்லாம் கறை. முழங்கால் கெஞ்சியது. சொந்தக் கையால் வளர்த்ததைச் சொந்தக் கையால் நெரிப்பதாக இருந்தது. கோடியில் ஒரே ஒரு வரிசையை மட்டும் விட்டுவைத்தார். அவ்வளவு தூரத்திலிருந்தா வேர் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போகும் என்று அவருக்குத் தெரியும், பாவி மனுஷன். அந்த வரிசைத் தழையில்தான் வீட்டில் உலை கொதித்தது.

"விரிசல் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பார்.

"பரவாயில்லண்ணே," என்பாள் தங்கை. விரிசலுக்கு மேலே பழைய புடவை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். கையை விட்டுப் பார்த்தால் வெளியே போகும் என்று அவள் சொல்லவில்லை.

மூன்று நாள் விடாத மழை. பின்சுவர் அப்படியே உள்ளே சாய்ந்தது. தங்கை அந்த நேரம் முன்னறையில் யாருக்கோ அளவெடுத்துக்கொண்டிருந்தாள், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. தையல் மிஷின்தான் செங்கல்லுக்கடியில் போய்விட்டது.

தழைக்காரர் வெறுங்கையால் கல்லை வாரினார். மிஷினின் சக்கரம் நெளிந்து கிடந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "நான் பண்ணின பாவம்மா. கோடி வரிசைய நான்..."

"தெரியும்ணே," என்றாள் தங்கை. "தெனமும் ஜன்னல்லேர்ந்து பாத்துட்டுத்தானே இருந்தேன்."

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ கிள்ளிடுவ அண்ணே. அப்புறம் உன் புள்ளைங்க என்ன திங்கும்?"

வேலியோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி முந்தானையை இடுப்பில் செருகினாள். கோடி வரிசைக்கு நடந்து, முதல் கட்டை முன்னால் உட்கார்ந்து கிள்ள ஆரம்பித்தாள்.