அயர்ன் பாக்ஸில் சுட்ட சாண்ட்விச்

மதியம் விழுங்கியது இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

ஃபேக்ஸில் ஆர்டர் அனுப்பிய ஜெர்மன்காரர் இன்று நெருப்பெரிச்சலில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனிக்கே வந்துவிட்டார். கையில் அவர் ஊர் சாசேஜ். குடலுக்குள் பன்றிக்கறியை அடைத்தது. தொட்டால் வழவழவென்று விரலில் ஒட்டுகிறது.

அதை பிரெட்டுக்குள் வைத்து, சூடாகத்தான் சாப்பிட வேண்டுமாம்.

பனியன் கம்பெனியில் அடுப்புக்கு எங்கே போவது? முதலாளி அயர்ன் மாஸ்டரைக் கூப்பிட்டார். “இதையக் கொஞ்சம் அமுத்திக் குடுங்க.”

மாஸ்டர் வேஸ்ட் துணியில் சுற்றி, அயர்ன் பாக்ஸை மேலே வைத்து அழுத்தினார். கொழுப்பு உருகித் துணியெல்லாம் ஊறியது. நாற்றம் தாங்காமல் இரண்டடி தள்ளி நின்றேன்.

ஜெர்மன்காரர் எனக்கும் ஒன்றை நீட்டினார். “எனக்கு வேண்டாமுங்க” என்றேன் முதலாளியிடம்.

“ஆர்டர் குடுத்த பையர் பாக்கறாரு கண்ணு, முழுங்கீரு” என்றார் முதலாளி, சிரித்த முகம் மாறாமல்.

விழுங்கினேன்.

அதே அயர்ன் பாக்ஸை வைத்துத்தான் மாஸ்டர் பிறகு வெள்ளை டி-ஷர்ட்டுகளைத் தேய்த்திருக்கிறார். மாலையில் சரக்கைப் பார்த்த ஜெர்மன்காரர் ஒன்றை எடுத்து முகர்ந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு, “இதென்ன இப்படி நாறுகிறது?” என்று ஆங்கிலத்தில் கத்தினார். எல்லாவற்றையும் மறுபடி துவைக்க வேண்டுமாம்.

“உங்கள் ஊர் வாசனைதான் சார்” என்று சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தால் சாசேஜும் வெளியே வந்துவிடுமோ என்றுதான் பயமாக இருந்தது.

டி-ஷர்ட்டைத் துவைத்துவிடலாம். என் வயிற்றுக்கு யாராவது வழி சொல்லுங்கள்.