மூன்றாம் கேள்விக்கு எழுதிய விடை

நேற்று வெள்ளவத்தையில் ஒரு கொமினிகேஷன் கடையில் அடையாள அட்டையைப் போட்டோக்கொப்பி எடுக்க நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பிள்ளை கட்டுக்கட்டாகப் பழைய வினாத்தாள்களைக் கொடுத்துவிட்டு நின்றாள். சூடான தாளும் மையும் கலந்த அந்த மணம் இருக்கிறதே, மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு இன்றைக்கும் பரீட்சைக் காலம்தான். மேலே கிடந்த தாளில் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் தெரிந்தன. டிஸ்கிரீட் மெத்ஸ் என்கிற அந்தக் கணிதப் பாடம்! இது இன்னும் பிள்ளைகளை விட்டபாடில்லை.

கம்பியூட்டர் படிப்பென்றால் கம்பியூட்டரைத் தட்டிக்கொண்டிருப்பது என்று நம்பிக் கம்பஸுக்குப் போனவன் நான். முதல் கிழமையே அந்தப் பாடத்துக்கு விரிவுரையாளர் மேடம் வந்து, ஒரு வாக்கியம் உண்மையாக இருக்கும், இல்லாவிட்டால் பொய்யாக இருக்கும் என்று பலகையில் எழுதினார். வீட்டில் சொன்னபோது அம்மா, "இதைப் படிக்கவோ இவ்வளவு கஷ்டப்பட்டனி?" என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். உயர்தரம் வரைக்கும் தமிழில் படித்துவிட்டு வந்த எங்களுக்கு அங்கே எல்லாமே ஆங்கிலம். கணக்கு ஒரு பக்கம் அடிக்க, பாஷை மறுபக்கம் அடித்தது.

எங்கள் வகுப்பில் அதிகம் அடிவாங்கியவன் யோகன். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து கிருலப்பனையில் அத்தை வீட்டில் தங்கியிருந்தான். புரோகிராமிங்கில் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவான். ஆனால் நிறுவச் சொன்னால் முடிந்தது கதை. ஆங்கில நிறுவல்களைத் தேவாரம் போல மனப்பாடம் செய்துகொண்டு போவான். கேள்வியில் ஓர் எழுத்து மாறினாலும் ஆள் அவுட். இப்படியே அந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்பக் கோட்டைவிட்டு, கடைசி வாய்ப்புக்கு வந்து நின்றான். அதிலும் தவறினால் பட்டம் இல்லை, மூட்டையைக் கட்டவேண்டியதுதான். தோட்டத்தில் அவனுடைய அப்பா, மகன் இஞ்சினியராகப் போகிறான் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

அதனால் சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டில் குப்பி நடந்தது. பரீட்சை நெருங்கினால் விளங்கிய ஒருவன் விளங்காதவர்களைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுப்பதற்கு எங்கள் கம்பஸ்களில் அதுதான் பெயர். மின்சாரம் இல்லாத இடங்களில் குப்பி விளக்கைச் சுற்றி இருந்து படித்த காலத்தில் வந்த பெயராம். எங்கள் வீடு கடற்கரைப் பக்க ஒழுங்கையில் ஒரு பெரிய வீட்டோடு ஒட்டியிருந்த சின்ன அனெக்ஸ். ரயில் போனால் கதவும் யன்னலும் சேர்ந்து நடுங்கும். அது போய் முடியும்வரை கணிதத்துக்கு ஓய்வு. அந்த இடைவெளியில்தான் அம்மா தேத்தண்ணியோடு வருவார்.

"தம்பி, உங்கட ஊர்த் தேத்தண்ணி மாதிரி இராது, என்ன?"

"நல்லதெல்லாம் கப்பல்ல போயிரும் ஆன்ட்டி. நாங்களும் இந்தத் தூளத்தான் குடிக்கிறோம்" என்பான் யோகன். அம்மாவுக்கு அவனை அப்படிப் பிடிக்கும்.

ஒருநாள் கைகுலுக்கல் கணக்கு வந்தது. ஒரு மண்டபத்தில் யார் யாரோடு கைகுலுக்கினாலும், ஒற்றை எண் தடவை கைகுலுக்கியவர்களை எண்ணினால் அது இரட்டை எண்ணாகத்தான் வரும் என்று நிறுவவேண்டும். நான் ஆங்கிலத்தில் எழுதிக்காட்டினேன். அவன் தலையைத் தலையை ஆட்டினான். ஒன்றும் ஏறவில்லை என்று தெரிந்தது. கொப்பியை மூடச் சொன்னேன். "பம்பலப்பிட்டியில ஒரு கலியாண வீடு எண்டு வை" என்று தமிழில் தொடங்கினேன்.

"கலியாணத்துல கும்பிடுவாங்க, யாருடா கை குடுப்பா?"

"கொழும்பில குடுப்பாங்கள். கேளடா."

கேட்டான். ஒரு கைகுலுக்கல் நடந்தால் இரண்டு பேருடைய கணக்கிலும் ஒவ்வொன்று கூடும், அதனால் மொத்தம் எப்போதும் இரட்டைதான் என்று சொன்னதும் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தான். "அட, அவ்வளவுதானா!" என்று சிரித்தான். அன்றிலிருந்து எல்லாவற்றையும் தமிழில் கேட்டான், தமிழிலேயே யோசித்தான்.

பரீட்சையில் மூன்றாம் கேள்வியாக அதே கைகுலுக்கல் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்ததாம். முடிந்து வந்தவனைப் படிக்கட்டில் பிடித்தேன். முகமெல்லாம் பூரிப்பு.

"டேய், புது வழிடா. நீ சொல்லிக்குடுத்தது இல்ல, புத்தகத்துலயும் இல்ல. எழுத எழுத அதுவா வந்துச்சு. மொதல்ல ஒருத்தரும்..." என்று தொடங்கியவன் வாயைத் திறந்தபடி நின்றான். என்னவென்று கேட்டேன். "நான் அதத் தமிழ்லடா எழுதிட்டேன்" என்றான்.

மேடம் நல்ல மனுஷி. "மகனே, குறியீடுகளைப் பார்த்தால் சரிபோலத்தான் இருக்கு. இடையில் நீ எழுதியிருப்பது எனக்கு விளங்கவில்லையே" என்று சிங்களத்தில் சொன்னார். தமிழ் தெரிந்த விரிவுரையாளர் ஒருவரைக்கொண்டு வாசிப்பிக்கலாமா என்று மேலிடத்தில் கேட்டும் பார்த்தார். ஆங்கில மொழிமூலப் பரீட்சை, விதி விதிதான் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பூச்சியம். அந்தப் புள்ளி இல்லாமல் அவன் தேறவில்லை.

தமிழில் சொல்லிக்கொடுத்தது பிழை என்று பிறகு சில பெடியங்கள் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை, இன்றைக்கும் ஏற்கமாட்டேன். அவனுக்கு விளங்கிய ஒரே பாஷை அது. ஆனால் அந்தத் துக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அந்த வழி என்ன என்று கோட்டை ஸ்டேஷனில் வைத்துக் கேட்டேன். "விடுடா" என்று சொல்லிவிட்டுப் பதுளை ரயிலில் ஏறினான். சில மாதங்களில் கட்டாருக்குப் போய்விட்டான்.

அனெக்ஸ் இருந்த இடத்தில் இப்போது மாடிக் குடியிருப்பு. அம்மாவும் இல்லை. பழைய விடைத்தாள்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்களாம். அவனுடையதும் போயிருக்கும், அதை வாசிக்கக்கூடிய ஒருவரும் வாசிக்காமலே.

நேற்று கடையிலிருந்து வந்ததும் யோகனுக்கு வட்ஸ்அப்பில் கோல் எடுத்தேன். அவன் அங்கே ஒரு களஞ்சியத்தில் சுப்பர்வைசர். வீட்டுக் கதை, வெயில் கதை எல்லாம் கதைத்தபின், "மூண்டாம் கேள்விக்கு நீ எழுதின வழி என்னடா? இப்பவாவது சொல்லு" என்று கேட்டேன்.

"இங்க வந்த புதுசுல தெனமும் மனசுக்குள்ள எழுதிப் பாப்பேன்டா. இப்ப எனக்கே வரமாட்டேங்குது."