கொசுறாகப் போன மூலை

ஓர் ஆள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதற்கு என்ன விலை? மௌனத்துக்கு விலையே கிடையாது என்பார்கள். உண்டு. பதினைந்தாயிரம் யூரோ. நான் கொடுத்திருக்கிறேன்.

இது நடந்தது. மீன் வியாபாரி சொல்வதில் பாதியை எடையில் கழித்துவிட வேண்டும் என்று எங்கள் குவோப்பியோ ஊர்ச் சந்தையில் ஒரு பேச்சு உண்டு. தாராளமாகக் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு உங்களால் தூங்க முடிந்தால் சரி.

என் பெயர் இல்போ. அப்பாவும் அதே சந்தையில் மீன் விற்றவர். எனக்கு எட்டு வயதானபோது ஏரியின் நடுவே ஒரு குட்டித் தீவையும் அதிலிருந்த மரவீட்டையும் வாங்கினார். பாதி விலைக்கு. எப்படிப் பேசி அடித்தார் என்பதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். யாரிடம் வாங்கினார் என்பதை மட்டும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. மலிவாக வந்த பொருளின் பூர்வீகத்தை யார் கேட்பார்கள்?

அப்பா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீடு எனக்கும் அண்ணன் ஹெய்மோவுக்கும் சரிபாதி. அண்ணன் விற்றே தீருவேன் என்றான். தலைநகரத்து ஆள் ஒருவன் மொத்தத் தீவையும் கேட்கிறானாம். என் பாதியை நீ வாங்கு, இல்லையென்றால் எல்லாம் அவனுக்கு என்றான்.

வசந்தத்தில் பனிக்கட்டி உடைந்ததும் படகை இறக்குவேன். கோடையில் கூரைக்குத் தார். பிறகு கடைசி வலை, படகு கட்டும் துறைப்பலகையைக் கரையேற்றுவது, எலிப்பொறி, பூட்டு. அந்தத் தீவை எடுத்துவிட்டால் எனக்கு வருடம் என்று ஒன்றே இல்லை. இதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. வேண்டும் என்று முகத்தில் காட்டினால் விலை ஏறும்.

அண்ணனிடம் ஒரு வினோதம். ஜூனில் வருவான், ஆகஸ்டில் வருவான். அக்டோபரில் மட்டும் மாட்டான். அப்பாவும் அப்படித்தான். அக்டோபர் வலையை மதியமே இழுத்துப் போட்டுக்கொண்டு, இருட்டுவதற்குள் கரை சேர்ந்துவிடுவார். அந்த மாதத்தில் அங்கே ஒரு இரவு தங்கியதில்லை. சவுனாவை மூட்டியதில்லை.

சவுனா என்றால் எங்கள் வேர்வைக் குளியல். ஏரிக்கரையில் ஒரு மர அறை, கல்லடுப்பு, படிப்படியாகப் பலகைகள். சூடேறிய கல்லில் தண்ணீர் ஊற்றினால் ஆவி எழும். மேல்பலகையில் இருட்டில் உட்கார்ந்திருப்போம். பேசமாட்டோம். பெரிய பேரங்களை மட்டும் அங்கேதான் முடிப்போம். துணியில்லாதவன் பொய் சொல்லக் கூசுவான் என்று ஒரு நம்பிக்கை. எனக்கு அந்தக் கூச்சம் கிடையாது. அதனால்தான் அந்த அக்டோபரில் அண்ணனை அங்கே அழைத்தேன்.

துறைப்பலகையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், தனியாளாக முடியாது என்று கெஞ்சினேன். சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்றான், அரைமனதாக.

நான் மதியமே போய்விட்டேன். புகைக்கூண்டைத் துடைத்தேன். கரையேற்ற வசதியாகத் துறைப்பலகையின் ஆணிகளைத் தளர்த்தினேன். மூன்று மணிக்கு வலை விரித்தேன். இலையுதிர்காலத்து முய்க்கு மீன், விரல் நீளம்தான், முட்டை நிறைந்திருக்கும். சந்தையில் அதற்கு அடிதடி.

பிறகு சவுனா அடுப்பைத் திறந்தேன்.

உள்ளே விறகு தயாராக அடுக்கியிருந்தது. அது வழக்கம்தான். கடைசியாகக் கிளம்புகிறவன் அடுத்து வருகிறவனுக்கு அடுப்பை அடுக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். ஆகஸ்டில் கடைசியாகக் கிளம்பியது நான். அடியில் பழைய செய்தித்தாள் வைத்த ஞாபகம்.

இப்போது அடியில் இருந்தது பூர்ஜ மரப்பட்டை. புதிதாக உரித்தது. விரலில் பிசின் ஒட்டியது.

வயசாகிறது இல்போ, என்று சொல்லிக்கொண்டு தீக்குச்சியைக் கிழித்தேன்.

ஐந்து மணிக்கு மூடுபனி இறங்கியது. ஆறுக்கு நல்ல இருட்டு. சவுனாவின் துணி மாற்றும் முன்னறையில் ஒரு விளக்கை ஏற்றி வைத்தேன். உட்காரும் துண்டு இரண்டை ஆணியில் மாட்டினேன், ஒன்று எனக்கு, ஒன்று அண்ணனுக்கு. ஏழு மணிக்கு என் துண்டை விரித்து மேல்பலகையில் உட்கார்ந்தேன்.

ஏழு பத்து. துறைப்பலகையில் காலடி.

தளர்ந்த பலகைகள்... டக்... டக்... டக்.

மோட்டார் சத்தம் கேட்கவில்லையே என்று தோன்றியது. துடுப்புப் போட்டிருப்பான். பெட்ரோல் மிச்சம். கஞ்சன்.

முன்னறையில் நிற்கவில்லை. நேராக உள்கதவு திறந்தது. விளக்கொளியில் ஒரு முதுகு மட்டும் தெரிந்தது. கதவு மூடியது. பலகை முனகியது. அவன் என்னைத் தாண்டிப் போய் இடது மூலையில் உட்கார்ந்தான்.

அந்த மூலையில் எங்கள் வீட்டில் யாரும் உட்காருவதில்லை. அங்கே சுவரில் கத்திக் கீறல்கள், வரிசையாக. பத்துக் கிலோவைத் தாண்டிய மீன் ஒவ்வொன்றுக்கும் ஒரு கீறல் என்று அப்பா சொல்வார். அங்கே சாய்ந்தால் முதுகில் குத்தும்.

நான் வணக்கம் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. இரண்டு வருடமாக முகம் கொடுத்துப் பேசாதவர்கள் அப்படித்தான் ஆரம்பிப்போம்.

அகப்பை கல்லில் கவிழ்ந்தது. ஸ்ஸ்ஸ்... ஆவி எழுந்தது.

சேற்று வாசனை. ஏரியின் அடியில் கிடக்கும் இலைகளின் வாசனை. வாளித் தண்ணீரை ஆழத்தில் மொண்டுவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“முப்பதாயிரம், அண்ணே,” என்றேன்.

பதிலில்லை.

கூரை ஒழுகுவதைச் சொன்னேன். வரி ஏறியதைச் சொன்னேன். துறைப்பலகை அடுத்த வருடம் தாங்காது என்றேன். எல்லாம் முக்கால் பொய்.

ஸ்ஸ்ஸ்...

விலை சொன்ன பிறகு வாயை மூடு, அடுத்து வாய் திறக்கிறவன் தோற்றான். இதை எங்கள் இருவருக்கும் சொல்லித் தந்தது அப்பாதான். அண்ணன் அதை வைத்தே என்னை அடிக்கிறான் என்று பல்லைக் கடித்தேன். ஐந்து நிமிடம் தாங்கினேன்.

“முப்பத்தஞ்சு.”

இல்லை.

“நாப்பது. இதுக்கு மேல நான் என்ன விக்கிறது, என் மீசையையா?”

அண்ணன் சிரிப்பான். இந்த மாதிரி எதற்காவது கட்டாயம் சிரிப்பான்.

சிரிப்பில்லை. மூச்சுச் சத்தமும் இல்லை. என் மூச்சு மட்டும் கேட்டது.

அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. எனக்கு வேர்வை ஆறாக ஓடியது. ஆனால் என் இடது தோள்... அவன் பக்கத்துத் தோள்... சில்லென்றிருந்தது.

“நாப்பத்தஞ்சு,” என்றேன். குரல் ஏனோ இறங்கிவிட்டது. “அதான் கடைசி. போதாதுன்னா கொசுறு தர்றேன். வருஷா வருஷம் அக்டோபர்ல வா. சவுனா மூட்டி வைக்கிறேன். முதல் வலையில விழறது உனக்கு. இந்த மூலையும் உனக்கே. உன் முகத்துல யாரும் கதவைச் சாத்த மாட்டோம். போதுமா?”

பலகை முனகியது.

இருட்டில் ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது.

ஈரமான கை. உப்பிய கை. அந்தச் சூட்டிலும் பனிக்கட்டிக்கு அடியிலிருந்து எடுத்ததுபோல.

ஒரு குலுக்கு. அவ்வளவுதான்.

கதவு திறந்தது. மூடியது. டக்... டக்... டக்.

ஏரியில் குதிக்கப் போகிறான் என்று காத்திருந்தேன்.

குதிக்கும் சத்தம் வரவில்லை.

நடந்து திரும்பும் சத்தமும்...

வெளியே வந்தேன். முன்னறையில் என் துணி மட்டும். என் செருப்பு மட்டும்.

ஆணியில் அண்ணனின் துண்டு. மடிப்புக் கலையாமல்.

விளக்கை எடுத்துக்கொண்டு துறைக்கு ஓடினேன்.

ஒரே ஒரு படகு.

என் படகு.

வீட்டுக்குள் போய்த் தாழிட்டேன். மேசையில் கைபேசி. ஐந்து இருபதுக்கு அண்ணன் செய்தி அனுப்பியிருந்தான். ‘மூடுபனி. இன்னைக்குப் படகை எடுக்க மாட்டேன். காலையில வர்றேன். சவுனா மூட்டாதே.’

விடியும்வரை விளக்கை அணைக்கவில்லை. அந்தக் கையை மூன்று முறை கழுவினேன். சேற்று வாசனை போகவில்லை.

காலை ஒன்பதுக்கு மோட்டார் சத்தத்தோடு அண்ணன் வந்தான். சவுனா புகைக்கூண்டைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். நான் கேட்பதற்குள் அவன் கேட்டுவிட்டான்.

“யாராவது வந்தாங்களா?”

எல்லாவற்றையும் சொன்னேன். விலையைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லலாமா என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அதிலிருந்தே என் நிலைமை உங்களுக்குப் புரியும்.

“நாப்பத்தஞ்சுன்னதும் கை குடுத்தானா?”

“இல்ல. கொசுறு சொன்னப்புறம்.”

“என்ன கொசுறு?”

சொன்னேன். அண்ணன் படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில் அவனிடம் மட்டும் சொன்னாராம். தீவை விற்றவர் பெயர் ஹெர்மன்னி. ஒண்டிக்கட்டை, மீன்பிடிக்கிறவர், கழுத்துவரை கடன். அப்பா அவரை இதே சவுனாவில் வைத்துப் பாதி விலைக்கு இறக்கினார். கிழவர் கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார். வருடத்துக்கு ஒரு அக்டோபர் இரவு சவுனா, அந்த இடது மூலை, முதல் வலை மீன். காசில்லாத கொசுறுதானே என்று அப்பா கை குலுக்கினார்.

முதல் அக்டோபரில் அப்பா ஊர்ப் பெரிய மனிதர்களை விருந்துக்குக் கூட்டிப்போயிருந்தார். மீன் நாற்றத்தோடு ஒரு கிழவன் நடுவில் வந்து உட்காருவதா என்று உள்தாழ்ப்பாளைப் போட்டார். கிழவர் படகில் வந்தார். கதவைத் தட்டினார். வெகுநேரம் தட்டினார். உள்ளே எல்லோரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு துறைப்பலகையில் காலடி, மூடுபனிக்குள்.

படகு கிடைத்தது. கிழவர் கிடைக்கவில்லை.

“அதனாலதான் நான் வித்துடுன்னேன்,” என்றான் அண்ணன். “எனக்குக் காசு எதுக்குடா?”

முப்பதே போதும், பேசாமல் எடுத்துக்கொள் என்றான். முப்பதுக்கே கிடைத்திருக்கும்! ஆனால் நான் நாற்பத்தைந்துக்குக் கை கொடுத்துவிட்டேன். யாரிடம் என்பது வேறு விஷயம். எங்கள் வீட்டில் ஒருமுறை குலுக்கிய கையை மறுத்தாயிற்று. இன்னொரு முறை மறுக்க எனக்குத் துணிவில்லை. நாற்பத்தைந்தையும் அண்ணன் கையில் கொடுத்தேன்.

அன்றைக்கே இருவரும் கைவிளக்கோடு சவுனாவுக்குள் போனோம். இரவு எரிந்த அடுப்பின் சூட்டில் அறை காய்ந்து கிடந்தது. இடது மூலைப் பலகை மட்டும் நனைந்திருந்தது, ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு.

அண்ணன் சுவரின் கீறல்களை எண்ணினான். முப்பத்தொன்பது.

“அப்பா பிடிச்ச பெரிய மீனோட கணக்கு,” என்றேன்.

“அப்பா இந்தப் பக்கம் வந்து உக்காந்து பாத்திருக்கியா?” என்றான். பிறகு, “வாங்கின வருஷத்துலேர்ந்து போன வருஷம் வரைக்கும் எண்ணிப் பாரு.”

எண்ணினேன். முப்பத்தொன்பது அக்டோபர்.

“அப்பா போயி ரெண்டு வருஷம்டா. கடைசி ரெண்டு கீறல் யார் போட்டது?”

நான் விளக்கைச் சுவரருகே கொண்டுபோனேன். முதல் கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் குறுக்கே ஒரு வெட்டு விழுந்திருந்தது. நேற்று வெட்டியதுபோல மரம் வெள்ளையாக இருந்தது.

அண்ணன் அதற்குப் பிறகு தீவுக்கு வரவில்லை. நான் போகிறேன். அக்டோபரில் வலை விரிக்கிறேன், அடுப்பை மூட்டுகிறேன், தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்துவிட்டேன். முதல் வலை மீனை ஒரு வாளியில் சவுனா படியில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவேன். காலையில் வாளி கழுவிக் கவிழ்த்திருக்கும். மீன் வாங்கினவன் பாத்திரத்தைத் திருப்பித் தரும் முறை அது. சுவரில் ஒரு கீறலின் குறுக்கே புது வெட்டு விழுந்திருக்கும்.

வருடத்துக்கு ஒன்று. ஒருமுறை இரண்டு வாளி வைத்துப் பார்த்தேன், கணக்கைச் சீக்கிரம் முடிக்கலாமே என்று. ஒரு வாளிதான் கவிழ்ந்திருந்தது. மற்றொன்றில் மீன் அப்படியே கிடந்தது. ஆள் கறார்.

எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் எழுபதைப் பார்த்ததில்லை. மகனிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அவனும் தீவை விற்றுவிடலாம் என்று ஆரம்பித்திருக்கிறான்.

மொத்தம் முப்பத்தொன்பது. தீர்ந்தது ஆறு. பாக்கி முப்பத்து மூன்று.