ஆண் குரங்கின் முதுகு

அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார். தொண்ணூறுகளின் கடைசியில், கப்பல் சமையல்காரன் ஒருவன் தலையில் கட்டிவிட்டான் என்று சொல்லி, ஒரு ஜோடிக் குரங்கைக் கூண்டோடு எங்கள் ராயபுரம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அணில் அளவுதான் இருந்தன. காதோரம் வெள்ளை முடிக் கொத்து, வளையம் வளையமாய் நீள வால். தெருவில் எல்லாரும் சீமை அணில் என்றார்கள். நான் அப்போது விலங்கியல் இரண்டாம் ஆண்டு. விட்டுவிடுவேனா?

கல்லூரி நூலகப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்தேன். தென்னமெரிக்கக் காட்டு மார்மோசெட். காலின் பெருவிரலில் மட்டும் தட்டை நகம். மற்ற விரல்களிலெல்லாம் அணிலுக்கு இருப்பதுபோல் கூர்நகம். கடைவாய்ப்பல்லில் கடைசி ஒன்று கிடையாது. கீழ் முன்பற்கள் மரப்பட்டையைக் குடைந்து பிசின் நக்குவதற்கென்றே நீண்டவை. அந்த நகத்தைப் பார்த்துப் பழைய அறிஞர்கள் இவற்றைக் குரங்கினத்தின் கடைசிப் படியில் உட்கார வைத்தார்கள். இல்லை, பெரிய குரங்குதான் சிறுத்து இப்படி ஆனது என்றார்கள் பின்னால் வந்தவர்கள். நான் முருங்கைக் கிளை ஒன்றை வெட்டிக் கூண்டில் வைத்தேன். பொழுதெல்லாம் குடைந்தன. எங்கள் பாடத்திட்டம் பல்லோடும் நகத்தோடும் முடிந்துவிடும். பரீட்சைக்கு அதுவே போதும் என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள்.

அந்த மழைக்காலத்தில் அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். முதல் பிள்ளை, ஆண். அவள் புருஷனை நான் மாமா என்பேன். அவருக்கு எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, ரயிலேறினால் வந்துவிடலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனதோடு சரி. மூன்று மாதம் முடிந்து பெண்ணை அனுப்பும்வரை மாப்பிள்ளை வாசப்படி மிதிக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். பிள்ளை அழுதால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். திமிர் என்றாள் அம்மா.

அப்போதுதான் குரங்கும் குட்டி போட்டது. இரண்டு. இந்தக் குரங்குக் குடும்பத்துக்கு இரட்டைதான் வழக்கம். கொஞ்ச நேரத்திலேயே ஆண் குரங்கு இரண்டையும் வாங்கி முதுகில் போட்டுக்கொண்டது. அம்மா பதறிப்போனாள்.

"பெத்தவ கிட்ட ஆம்பளைக்கு இன்னா வேல? கடிச்சி வெச்சிடப் போவுது."

அப்பா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு குட்டிகளைப் பிரித்துப் பெண்ணிடம் விட்டார். ஆணை அம்மா கோழிக்கூடையில் போட்டு மூடினாள்.

பெண் குரங்கு பால் கொடுத்தது. கொடுத்து முடித்ததும் கம்பியில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துக் குட்டிகளைக் கீழே தள்ளியது. கூடைக்குள்ளிருந்து ஆண் விசில் மாதிரி கத்திக்கொண்டே இருந்தது. "தாயா இது?" என்றாள் அம்மா, அக்கா காதில் விழும்படி. மறுநாள் விடிந்தபோது ஒரு குட்டி கூண்டின் தகரத்தின்மேல் விறைத்துக் கிடந்தது. என் உள்ளங்கையில் பாதிகூட இல்லை. எனக்கு அழுகையும் அம்மாமேல் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

கல்லூரிக்கு ஓடி, விலங்குகளின் நடத்தை பற்றிய வேறொரு தடிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். இந்தக் குடும்பத்தில் குட்டிகளைச் சுமப்பது பெரும்பாலும் அப்பன்தான். மூத்த பிள்ளைகள் இருந்தால் அவையும் சுமக்கும். தாய் பால் கொடுக்க வாங்கிக்கொள்வதோடு சரி. இரட்டையின் கனம் அப்படி. தனியாய்ச் சுமக்க அவளால் ஆகாது. வீட்டுக்கு வந்ததும் யாரையும் கேட்காமல் ஆணைத் திரும்பக் கூண்டில் விட்டேன்.

அது மிச்சமிருந்த குட்டியை முகர்ந்து பார்த்தது. கழுத்தோரம் ஏற்றிக்கொண்டு மேல் மூலைக்குப் போய்விட்டது. பெண் குரங்கு கிளையில் குப்புறப் படுத்து அப்படியே தூங்கிப்போனது. படித்து வந்ததை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அக்கா பாயிலிருந்து எழுந்து வந்து கூண்டின் முன்னால் உட்கார்ந்தாள். அறைக்குள்ளே பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

"அவர வரச் சொல்லும்மா," என்றாள். "என்னாலயும் முடில."

"மூணு மாசம் ஆவட்டும். தெருவே சிரிக்கும்," என்று சொல்லிவிட்டு அம்மா பிள்ளையைத் தூக்கப் போனாள்.

நான் தெருமுனை டெலிபோன் பூத்துக்குப் போய் மாமாவின் தொழிற்சாலைக்குப் பேசினேன். அவரைக் கூப்பிட்டு வர வெகுநேரம் ஆனது. லைனுக்கு வந்தவர் எடுத்த எடுப்பில், "கொயந்தைக்கி இன்னா ஆச்சி?" என்று கேட்டார்.

"கொயந்த நல்லாத்தான் கீது மாமா," என்றேன். "அக்காதான் நல்லா இல்ல."