ஏத்தத்தின் உச்சியில் ஒரு மணித்தியாலம்

இத்தாலிக்குப் போய்ச் சைக்கிள் ஓடலாம் என்ற யோசனை என்னுடையது. அதை அண்ணையின் தலையில் கட்டியதும் நான்தான். தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இருவரும் லண்டனின் மோர்டனில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை. அண்ணைக்குச் சாண்ட்விச் பக்டரியில் காலை ஷிப்ட். வேலை முடிந்து வந்தால் ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்துவிடுவார். கேட்டால் ஓம், இல்லை. அதற்குமேல் ஒரு சொல்லை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு வழி தெரியவில்லை.

ஊரில் அவர் வாய் ஓயாத மனிதர், சைக்கிள் பைத்தியம். அவரும் அவருடைய கூட்டாளியும் சைக்கிளில் சுற்றாத ஒழுங்கை கிடையாது. ஒருநாள் கூட்டாளி சைக்கிளோடு காணாமல் போனார். எப்படி என்று அண்ணை யாருக்கும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதன்பிறகு அவர் சைக்கிளைத் தொடவேயில்லை. எனக்கு என்னுடைய பழைய அண்ணை வேண்டும் என்றிருந்தது. அதற்காக இத்தாலி என்ன, நிலவுக்கே கூட்டிப் போயிருப்பேன்.

கந்தோரில் ஒரு வெள்ளைக்காரர் டஸ்கனி மலைகளில் சைக்கிள் ஓடிய கதையைப் படங்களோடு சொல்லியிருந்தார். ஓர் ஊரில் காலையில் புறப்பட்டு, மலைகளைச் சுற்றி, பின்னேரம் அதே ஊருக்கு வந்து சேரும் பெரிய வட்டம். தொண்ணூறு கிலோமீற்றர், ஏழு ஏத்தம். நான் உடனே அந்தப் பகுதியின் வரைபடத்தையும் பழைய ரேஸிங் சைக்கிள் இரண்டையும் வாங்கி வந்தேன். அண்ணை சைக்கிள்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. வட்டம் என்று நான் சொன்னபோதுதான் தலையை நிமிர்த்தினார்.

"வட்டமாத்தான் போகவேணும்," என்றார். "போன பாதையால திரும்பி வரப்படாது."

எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் ஊரில் இருந்த பழக்கம் அது. போகும்போது ஆமிச் சென்ட்ரியில் நின்றவன் உங்களைப் பார்த்திருப்பான், திரும்பும்போது காத்திருப்பான். பல்வலிக்கு மருந்து வாங்கப் போனாலும் வேறு ஒழுங்கையால்தான் வீட்டுக்கு வருவோம். வெள்ளைக்காரர் காட்சி பார்ப்பதற்காக வட்டம் போட்டார். அண்ணை எதற்காகப் போடுகிறார் என்று நான் யோசிக்கவில்லை. பேசினாரே, அந்தச் சந்தோஷம் எனக்கு.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு ஏத்தம் என்றால் மதகின் முதுகுதான். வரைபடத்தில் இருந்த மண்ணிறக் கோடுகளை ஒற்றையடிப் பாதைகள் என்று நினைத்து, அவற்றின்மேல் நான் மிகவும் அழகாக ஒரு வழி போட்டுவைத்திருந்தேன். அவை உயரத்தைக் காட்டும் கோடுகள் என்று நூலகத்தில் படித்துவிட்டு வந்து அண்ணை எனக்கு விளக்கினார். கோடுகள் நெருங்கினால் செங்குத்து. அன்று முழுவதும் என்னைக் கேலி செய்தார். நான் அதை விருது வாங்கியவன் மாதிரி வாங்கிக்கொண்டேன்.

பிறகு பென்சில் அவர் கைக்குப் போனது. ஒவ்வொரு பின்னேரமும் மேசையில் வரைபடம் விரியும். அவர் போட்ட வழியை ஒருநாள் விரலால் தொடர்ந்து பார்த்தேன். அது எந்தப் பாலத்தையும் கடக்கவில்லை. எந்த நாற்சந்தியையும் தொடவில்லை. ஒவ்வொரு கிராமத்திலும் வெளியேற இரண்டு வழிகளுக்குச் சின்னப் புள்ளடி அடையாளம் போட்டிருந்தது. திராட்சைத் தோட்டங்களுக்கும் தேவாலயங்களுக்கும் நடுவே, ஒருவர் கண்ணிலும் படாமல் போகும் வழி அது. இத்தாலியில் யார் எங்களைப் பிடிக்கப் போகிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஏத்தம் பழக ஞாயிறு காலைகளில் லண்டனைக் குறுக்கே மிதித்து ஆர்ச்வேக்குப் போவோம். முருகன் கோயிலுக்குப் போகையில் பஸ்ஸில் ஏறிய மேடு அது. மிதித்து ஏறினால்தான் அதன் குணம் தெரியும். அண்ணை முன்னால் போய் உச்சியில் நிற்பார். நான் நாக்குத் தள்ள வந்து சேர்ந்த பிறகும் அவர் அசையமாட்டார். என்னைத் தாண்டிக் கீழே பார்த்துக்கொண்டே நிற்பார். நானும் திரும்பிப் பார்ப்பேன். வெறும் தெரு. பையில் வாழைப்பழம் எப்போதும் மூன்று இருக்கும். இரண்டை நாங்கள் சாப்பிடுவோம். மூன்றாவதை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவோம்.

விசா வந்த கிழமை நேரக்கணக்கைச் சரிபார்த்தேன். ஒரு மணித்தியாலம் இடித்தது. நான்காவது ஏத்தத்தின் உச்சியில், கடையோ கிணறோ இல்லாத இடத்தில், அண்ணை ஒரு மணித்தியாலம் போட்டிருந்தார். பிழை என்று அழித்துவிட்டேன். அடுத்த நாள் அது அதே இடத்தில் இருந்தது. மறுபடி அழித்தேன். மறுபடி இருந்தது, இந்தமுறை பேனையால்.

"அண்ணை, இந்த ஒரு மணித்தியாலம் என்னத்துக்கு?"

"அவன் வந்துசேர நேரமெடுக்கும்," என்றார். "ஏத்தமெல்லே."

யார் என்று நான் கேட்கவில்லை. அவர் வரைபடத்தைப் பார்த்தபடியே சொன்னார். கூட்டாளி காணாமல் போன அன்றைக்கு இருவரும் பற்றரி வாங்கப் போயிருக்கிறார்கள். வேறு பாதையால் திரும்பி மதகடிக்கு வந்தபோது, காற்றடிக்கும் பம்பைக் கடையில் விட்டுவிட்டது தெரிந்திருக்கிறது.

"போன பாதையால போய் எடுத்துக்கொண்டு வா, அதுதான் கிட்ட எண்டு நான்தான் சொன்னனான். அரை மணித்தியாலம்தான் தம்பி நிண்டனான். பயத்தில வீட்டை வந்திட்டன்."

எனக்கு அழுகை வந்தது. பயமும் வந்தது. வைத்தியரிடம் கூட்டிப் போவதா, பயணத்தை நிறுத்துவதா என்று உள்ளுக்குள் ஓடியது. ஆனால் அதன்பிறகான ஏழு வருடத்தில் அவர் என்னிடம் வாய்விட்டுச் சொன்னது இதுதான். நான் பேனையை எடுத்து அவர் பக்கம் தள்ளினேன்.

"ஒரு மணித்தியாலம் காணுமோ அண்ணை?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஊரில் பார்த்த பார்வை. வெகுநேரம் யோசித்து, ஒன்றை வெட்டி இரண்டு என்று எழுதினார்.

அந்த ஞாயிறு ஆர்ச்வே மேட்டில் நான் ஏறி வந்ததும் போவோமா என்று கேட்கவில்லை. சைக்கிளைத் திருப்பி அவர் பக்கத்தில் நின்றேன். கீழே பனிமூட்டத்துக்குள் யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு மெல்ல ஏறி வருவது தெரிந்தது. தலை குனிந்திருந்தது, முகம் தெரியவில்லை. அருகில் வந்ததும் பார்த்தோம். வயதான வெள்ளைக்காரர் ஒருவர். எங்களுக்குத் தலையாட்டிவிட்டுக் கடந்து போனார்.

"இவனில்லை," என்றார் அண்ணை.

"ஓம், இவனில்லை," என்றேன். அதைச் சொன்ன பிறகுதான், நானும் கூட்டாளியின் முகத்தைத்தான் தேடியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது.